மூன்றாம் பிறையில் தெரியும் தென்னை

(கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிக்கு அருகே ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்று பேசப்போவதில் பாதியை உங்களை நம்பித்தான் பேசுகிறேன்.

மேடை ஏறுவதற்கு முன்னால் மேற்கே பார்த்துவிட்டு வந்தேன். தென்னைகளுக்கு மேல் மூன்றாம் பிறை நிற்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர விரும்புகிறவர்கள் வரலாம், நான் காத்திருக்கிறேன். வெள்ளிக் கீற்றை மட்டும் பார்க்காதீர்கள். மீதி நிலாவும் திருநீறு பூசியதுபோல மங்கலாகத் தெரியும். அதைப் பாருங்கள்.

அந்த இடத்தில் வெயில் நேராகப் படவில்லை. பிறகு எப்படித் தெரிகிறது? அது பூமியிலிருந்து போன வெளிச்சம். கடலிலும் மேகத்திலும் மண்ணிலும் இலையிலும் பட்ட வெயில் நிலாவரை போய், அங்கே பட்டு, நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இந்த நேரத்தில் நமக்கு மேற்கே, ஆப்பிரிக்காவில் பகல். ஆகவே நீங்கள் பார்த்ததில் அங்குள்ள காடுகளின் பங்கு இருக்கிறது. நம் தோப்பின் ஒளி எங்கே போகிறது? இங்கே மதியம் இரண்டரை மணிக்கு வெயில் காயும்போது ஜப்பானில் மாலை ஆறு மணி. அங்கே யாராவது பிறை பார்த்தால், அவர் கண்ணுக்குள் போகும் ஒளியில் ஈத்தாமொழித் தென்னையின் ஒரு துளியும் சேர்ந்திருக்கும்.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. வானியலாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நிலாவின் அந்தச் சாம்பல் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் இலையின் அடையாளம் இருக்கிறதா என்று 2000-களின் தொடக்கத்தில் தேடினார்கள். மங்கலாக இருந்தது. அதற்கும் முன்னால், 1990 டிசம்பரில், வியாழனுக்குப் போகிற வழியில் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தபோது அதே சோதனையைச் செய்தது. பூமியில் உயிர் இருப்பது நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டால், அதைத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கிடைத்த தடயங்களில் ஒன்று இலை.

இலையின் அடையாளம் என்றால் பச்சை நிறம் என்று நினைப்போம். பச்சை சின்ன விஷயம். இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உண்டுவிடுகிறது. அதில்தான் உணவு சமைக்கிறது. ஆனால் சிவப்பைத் தாண்டியவுடன், 700 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, சட்டென்று மனம் மாறியதுபோல, வந்த ஒளியில் பாதியளவுக்குத் திருப்பி எறிகிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது. தெரிந்திருந்தால், ஒவ்வொரு தென்னையும் கண் கூசும்படி ஜொலிப்பதைப் பார்த்திருப்போம். நோய் கண்ட தென்னை, அந்த ஜொலிப்புக் குறைந்து நிற்பதையும் பார்த்திருப்போம்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கண்டுபிடித்தவர் தாவரவியல்காரர் அல்லர், வானியலாளர். வில்லியம் ஹெர்ஷல், 1800-ஆம் ஆண்டு. சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்கக் கண்ணாடி வடிகட்டிகளைத் தேடியபோது, சில நிறங்களின் வழியே வெளிச்சம் குறைந்தும் சூடு குறையாமல் வருவதைக் கவனித்தார். முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒன்றும் தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானிதான் அதிகமாக ஏறியது. அகச்சிவப்பு இப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

அதே மனிதர் மறு ஆண்டே, சூரியப் புள்ளிகள் குறைந்த காலங்களில் கோதுமை விலை ஏறியிருக்கிறதா என்று பழைய விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கேலி செய்தார்கள். அந்தக் கணக்கு நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு வயலைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே, அதை நான் மதிக்கிறேன்.

நம் நாஞ்சில் நாட்டில் இந்த இரண்டையும் யாரும் பிரித்ததில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கு வைத்திருக்கும் பெயர்களையே பாருங்கள். சூரியன் கன்னியில் இருக்கும்போது அறுக்கும் பயிர் ஒன்று, கும்பத்தில் இருக்கும்போது அறுக்கும் பயிர் ஒன்று. சூரியன் கன்னி விண்மீன் தொகுதிக்குள் நுழைவது இன்றைக்கும் செப்டம்பர் 16-ஐ ஒட்டி, கும்பத்துக்குள் நுழைவது பிப்ரவரி 16-ஐ ஒட்டி. புரட்டாசியும் மாசியும் பிறக்கும் நாள்களோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நம் முன்னோர் வானத்தை நாள்காட்டியாக வைத்திருந்தார்கள், நல்ல நாள்காட்டி. ஆனால் நாள் பார்த்து நட்டால் நோய் அண்டாது என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். நோய்க்குக் காரணம் வேறு. அதை என் தகப்பனார் தோப்பில் பார்த்தேன்.

எங்கள் விளையில் நாற்பது மூடு தென்னை இருந்தது. எல்லாம் நெட்டை. தேங்காய் வெட்ட வருபவர் ஒரு நாள் மரத்திலிருந்து இறங்கியதும் அப்பாவிடம் சொன்னார்: "முதலாளி, தெற்கு ஓரத்து மரத்தில் ஓலை சோர்ந்திருக்கிறது. பிடித்தால் கையில் நிற்கவில்லை." அப்பா அண்ணாந்து பார்த்தார். மரம் பச்சையாகத்தான் இருந்தது. "உனக்கு ஏறி ஏறி அலுத்துவிட்டது" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வெட்டுக்கு வந்தபோதும் அவர் அதையே சொன்னார். மூன்றாவது முறை சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஓலையின் ஈர்க்குகள் விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து, நுனி மஞ்சளித்து, நாங்களே தரையில் நின்று பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு கடைக்காரர் கொடுத்த தூளை இரண்டு வருடம் வாங்கிக் கொட்டினோம். எதற்கென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தப் பணத்துக்காக நான் வருந்தவில்லை. மரமேறியவரின் கைக்குத் தெரிந்ததை நாங்கள் கேட்காமல் போனோமே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த நோயை இங்கே வேர் வாடல் என்கிறோம், கேரளா வாடல் என்றும் சொல்கிறோம். கேரளத்தில் காற்றுவீழ்ச்சி என்பார்கள். 1880-களில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு முதலில் கவனித்திருக்கிறார்கள். நூறு ஆண்டு காலம் பூஞ்சையா, மண்ணா, சத்துக் குறைவா என்று தேடினார்கள். காயங்குளத்தில் 1947-இல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1967-இல் ஜப்பானில் முசுக்கொட்டைச் செடிகளை ஆராய்ந்தவர்கள், பாக்டீரியா வகையிலேயே மிகச் சிறிதான, செல்சுவரே இல்லாத ஓர் உயிரைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் பைட்டோபிளாஸ்மா. நம் தென்னையிலும் அதுதான் என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1980-களில் தெரிந்தது. மரத்தின் உணவுக்குழாய்க்குள் குடியிருக்கிறது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள், கண்ணாடிச் சிறகுப் பூச்சியும் ஒருவகைத் தத்துப்பூச்சியும், மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. காற்றுவீழ்ச்சி என்று பெயர் வைத்தவர்கள் அவ்வளவு தவறாகச் சொல்லவில்லை. இத்தனை சின்னப் பூச்சி காற்றின் போக்கில்தானே போகும்?

இந்த நோயின் கொடுமை, இது மரத்தை உடனே கொல்வதில்லை. மெலிய வைக்கிறது. காய் குறைந்து, குருத்தழுகல் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் நிற்கும். நிற்கும் காலமெல்லாம் பக்கத்து மரத்துக்கு ஊற்றாக இருக்கும். ஆகவே இதில் எல்லாமே எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். நிலத்தை உயரத்திலிருந்து படம் பிடித்து அறிவதைத் தொலையுணர்வு என்கிறோம். இந்தியாவின் தொலையுணர்வு ஆராய்ச்சி எதில் தொடங்கியது தெரியுமா? எல்லையைக் காக்க அல்ல, கனிமம் தேட அல்ல. 1970-ஐ ஒட்டி, வானிலை அறிஞர் பி. ஆர். பிஷரோட்டியின் தலைமையில், ஒரு ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் பிலிம் போட்ட கேமராவை வைத்து, கேரளத்தின் தென்னந்தோப்புகளுக்கு மேலே பறந்தார்கள். வேர் வாடல் நோயைத் தேடித்தான். அந்தப் பிலிமில் ஆரோக்கியமான இலை செக்கச்செவேலென்று விழும். நொந்த இலை மங்கிப்போகும். ஹெர்ஷல் வெயிலில் கண்ட அதே ஒளி. நம் விண்வெளி ஆராய்ச்சியின் முதல் நோயாளி, நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம். இதை முதன்முதலில் படித்த அன்று நான் எழுந்து தோப்புக்குள் போய் வெகுநேரம் நின்றேன்.

பிறகு 1988-இல் இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனது. இன்று செயற்கைக்கோள் படங்களை யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழி மலைக்கு அப்பால் மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரத்தைச் சோதிக்கிறார்கள். அந்த இயந்திரங்கள் தூக்கிப்போகும் கேமரா நம் ஏலாக்களை, நம் வயல்வெளிகளைப் படம் பிடிக்கிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. வெயிலைப் பிரித்தால் வானவில் நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். 1814-இல் பவேரியாவில் கண்ணாடித் தொழில் செய்த பிரௌன்ஹோபர் 574 கோடுகளை எண்ணினார். சூரியனில் எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று வானியலாளர்கள் படித்தறிந்த எழுத்துகள் அவை. இலைக்கும் அந்தக் கோட்டுக்கும் என்ன தொடர்பு? உண்ட ஒளியில் நூறில் ஒன்றிரண்டு பங்கை இலை மெல்லிய சிவப்பொளியாக வெளியே விடுகிறது. பகல் வெயிலில் அது தெரியவே தெரியாது. ஆனால் கறுப்புக் கோடு இருக்கும் இடத்தில் வெயில் குறைவல்லவா? அந்த இருட்டுக்குள் இலையின் ஒளி விழுந்து கோட்டைக் கொஞ்சம் நிரப்பிவிடுகிறது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளந்தால், இலை எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். கரியமில வாயுவை அளக்க ஜப்பான் அனுப்பிய இபுகி செயற்கைக்கோளின் பதிவுகளிலிருந்து 2011-இல் உலகம் முழுவதற்கும் இப்படி ஒரு வரைபடம் போட்டார்கள். சூரியனைப் படிக்கக் கற்ற எழுத்தில் இலையின் உடல்நிலையைப் படித்தார்கள்.

பிள்ளைகளே, இந்தச் சிவப்பொளியை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கீரையைக் கசக்கிக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் வடித்து, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டுங்கள். பச்சைத் தண்ணீர் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பிரிட் அருகே நெருப்பு வேண்டாம்.

இவ்வளவும் இருக்கும்போது நம் தோப்பில் நோய் ஏன் இன்னும் முந்திக்கொள்கிறது? இதை மறைக்காமல் பேசவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் நல்ல படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். தென்னைக்கு நாம் விடும் இடைவெளி ஏழரை மீட்டர். அப்படியானால் ஒரு புள்ளிக்குள் ஏறத்தாழ இரண்டு மரம் வரும். இரண்டு மரம் மட்டுமா? நடுவே மட்டி வாழை, ஓரத்தில் மரச்சீனி, கொல்லாமா, கீழே புல். எல்லாம் கலந்த ஒரே நிறம்தான் வானத்துக்குத் தெரியும். பல நூறு ஏக்கர் கோதுமை ஒரே பச்சையாகக் கிடக்கும் ஊருக்குச் செய்த கணக்கு, பத்து சென்ட் விளைக்குள் ஐந்து பயிர் வைக்கும் நமக்கு அப்படியே பொருந்தாது. அதோடு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. பூச்சி எப்போது பறக்கிறது என்று பார்க்க விரும்பும் மாதத்தில் மேகம் மறைத்துக்கொள்ளும்.

ட்ரோன் வந்தால் மரம் மரமாகப் பார்க்கலாம். வரட்டும், வரவேண்டும். ஆனால் படத்தில் மங்கலாகத் தெரியும் மரம் வேர் வாடலா, தண்ணீர் இல்லாமையா, சிவப்புக் கூன்வண்டா, வெறும் வயதா என்று படம் சொல்லாது. யாரோ ஒருவர் மரத்தடியில் நின்று பார்த்து, எழுதி வைத்திருக்கவேண்டும். வானியலிலும் இதே கதைதான். எத்தனை பெரிய தொலைநோக்கி இருந்தாலும், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விண்மீனோடு ஒப்பிட்டுத்தான் புதியதை அளக்கிறார்கள். நமக்கு அந்தத் தெரிந்த விண்மீன்கள் இல்லை. நோய் இன்ன தேதியில் இன்ன மரத்தில் தொடங்கியது என்ற குறிப்பு நம் மாவட்டத்தின் எத்தனை தோப்புகளில் இருக்கிறது? என் தகப்பனார் தோப்பில் இல்லை. மரமேறியவர் சொன்ன அந்த நாளை நான் எழுதி வைத்திருந்தால் இன்று அது ஒரு தரவு.

ஆகவே மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளியே மேசையில் நூலகம் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறது. ஆளுக்குப் பத்து மரம். மாதம் ஒருமுறை பாருங்கள். தேங்காய் வெட்ட வரும் மாமாவிடம் கேளுங்கள்; மேலே ஓலையைத் தொட்டவர் அவர்தான். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "நோய் வந்த மரத்தை வெட்டவா, வைக்கவா?"

வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தையும், காய்க்கும் முன்பே நோய் கண்ட கன்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மற்ற மரங்களுக்குத் தொழு உரமும் பசுந்தாளும் மூட்டைச் சுற்றிய தடத்தில் போட்டு, தண்ணீர் தவறாமல் கொடுத்தால் பலன் தரும். நோய் குணமாகாது, மரம் தாங்கும். புதிதாக வைப்பதற்குக் காயங்குளத்தில் உருவாக்கிய கல்பரக்ஷா போன்ற, நோயைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொண்டு வையுங்கள்.

"எந்த மரம் பத்துக் காய் என்று எப்படித் தெரியும்? மொத்தமாகத்தானே வெட்டிக் குவிக்கிறோம்?" என்றார் அவர்.

மரத்துக்கு எண் போடுங்கள் அண்ணாச்சி என்றேன். சுண்ணாம்பில் போட்டால் ஒரு மழைக்கு நிற்காது. வெள்ளை பெயிண்ட், நெஞ்சு உயரத்தில். வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி வரிசையாகப் போங்கள். அடுத்த வெட்டின்போது ஒவ்வொரு மரத்துக் காயையும் அதனதன் மூட்டிலேயே எண்ணிவிட்டுப் பிறகு குவியுங்கள்.