பணம் கேட்கும் முன் படிக்க வேண்டிய படிவம்

நேயர்களுக்கு வணக்கம். ஆராய்ச்சிக்குப் பணம் தேடும் இளம் பேராசிரியர்களை நினைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தேடினேன். ஒரே கருத்துருவை, பெயரை மட்டும் மாற்றி, பதினோரு தனியார் அறக்கட்டளைகளுக்கு அனுப்பினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் போனதுதான் மிச்சம்.

அரசு நிதியும் அறக்கட்டளை நிதியும் ஒன்று என்று நினைத்ததுதான் தவறு. அரசு நிறுவனம் அறிவிப்பு வெளியிடும், வல்லுநர் குழு மதிப்பிடும். அறக்கட்டளை என்பது ஒரு மனிதரோ குடும்பமோ ஏதோ ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கி வைத்த சொத்து. 1936-இல் ஹென்றி வெல்கம் இறந்தபோது தன் மருந்து நிறுவனத்தையே ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அதன் பணம் இன்றும் உடல்நலம் சார்ந்த ஆராய்ச்சிக்குத்தான் போகிறது. அங்கே போய், உங்கள் ஆய்வு எவ்வளவு சிறந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் செய்ய நினைக்கும் வேலையில் உங்கள் பங்கு என்ன என்று சொல்ல வேண்டும்.

சரி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இணையதளத்தில் நல்ல நல்ல வார்த்தைகள் இருக்கும். அவற்றைவிட, பணம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அறங்காவலர்களின் பெயர்களும் இருக்கும். மூன்று வருஷப் படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எல்லாத் தொகையும் ஒரே ஊருக்குள் போயிருந்தால், வெளியூர்க்காரர் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. வழக்கமாக இருபதாயிரம் டாலர் கொடுப்பவர்களிடம் ஐந்து லட்சம் கேட்கவும் கூடாது. அந்நாட்டுச் சட்டப்படி, பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் நற்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஆகவே சொத்து மதிப்பைப் பார்த்தாலே அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

அப்புறம், எடுத்தவுடன் முப்பது பக்கம் எழுதாதீர்கள். பல அறக்கட்டளைகள் முதலில் இரண்டு பக்க அறிமுகக் கடிதம்தான் கேட்கும். அங்கே விண்ணப்பங்களைக் கவனிக்கும் திட்ட அலுவலரிடம் பேச வழி இருந்தால் கட்டாயம் பேசுங்கள். நான் அடுத்த முறை ஒரே ஓர் அறக்கட்டளைக்குத்தான் எழுதினேன். அந்த அலுவலர் அரை மணி நேரம் பேசினார். கருவிக்கான தொகையைக் குறைத்து, ஒரு மாணவருக்கான உதவித்தொகையைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், நிதி கிடைத்தது.

ஆனால் பேசுவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சில அறக்கட்டளைகள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே விண்ணப்பத்தைத்தான் ஏற்கும். நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால், வேறொரு துறையின் பல மாத உழைப்பு கெட்டுப்போகலாம். மேற்செலவு விகிதத்தையும், அதாவது கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் நிதியோடு சேர்த்துக் கேட்கும் பங்கையும், அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். அரசு தரும் விகிதத்தை அறக்கட்டளைகள் தருவது அரிது. சில அறக்கட்டளைகள் அதற்கென்று எதுவுமே தருவதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பலன் தெரியப் பல வருஷம் ஆகும் வேலைக்கும் இந்தப் பணம் காத்திருக்கும். மெக்சிகோவில் 1943-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை ஒரு வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருஷம் அதில் சேர்ந்தவர் வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக். அங்கே அவர் உருவாக்கிய கோதுமை ரகங்கள் பிறகு பல நாடுகளின் வயல்களுக்குப் போயின. 1970-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நிதி வந்தபின் அறிக்கையை நாள் தவறாமல் அனுப்புங்கள். நினைத்தபடி நடக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த முறை நீங்கள் பேசப்போவதும் பெரும்பாலும் அதே அலுவலரிடம்தான்.

நன்றி, வணக்கம்.