விற்பதற்கு முன் எச்சரித்த சொல்

வணக்கம் நேயர்களே. அட்வடைஸ்மென்ற் என்ற இங்கிலீசுச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் இரண்டு விளம்பரம் போகுமாம், பரவாயில்லை, பொருத்தம்தானே.

வேர் லத்தீன். ஒன்றை நோக்கித் திருப்புவது என்று பொருள். அது பிரெஞ்சுக்குப் போய் அவெர்த்திஸ்மோன் ஆகி, எச்சரிக்கை என்ற பொருளை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே அதுதான் பொருள். பாரிஸில் பேரப்பிள்ளைகள் இருக்கிறவர்கள் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்தால் கிடைப்பது அவெர்த்திஸ்மோன், கடை விளம்பரத்துக்கு அவர்கள் சொல்வது பியூப்ளிசித்தே.

இங்கிலீசிலும் முதலில் அப்படித்தான். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் காலத்து வேதாகமத்தில், எண்ணாகமம் 24ஆம் அதிகாரத்தில், இந்தச் சனங்கள் பிற்காலத்தில் உன் சனங்களை என்ன செய்வார்கள் என்று தெரிவிக்கிறேன் வா என்று பிலேயாம் என்ற தீர்க்கதரிசி பாலாக் அரசனிடம் சொல்லும் இடத்தில் நிற்பது அட்வடைஸ் என்ற சொல். பாவம், அரசனுக்கு அது நல்ல சேதியில்லை.

ஆனால் சொல்லுக்கு விளம்பரம் என்ற பொருள் வருமுன்பே காரியம் நடந்துவிட்டது. 1477 அளவில் வில்லியம் கக்ஸ்ரன் என்ற அச்சுக்காரர், குருமாருக்கான வழிபாட்டுப் புத்தகம் வெஸ்ட்மின்ஸ்டரில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு சின்னத் துண்டு அச்சடித்தார். அதன் அடியில் லத்தீனில் ஒரு வரி: தயவுசெய்து இந்தத் துண்டை இப்படியே இருக்க விடுங்கள். முதல்நாள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிக்கு மேலேயே ரியூசன் நோட்டீஸ் ஒட்டுகிற எங்கள் ஆட்களுக்கு இந்த வரியை வாசித்துக் காட்ட வேண்டும்.

அப்புறம் பத்திரிகைகள் பெருகின, சொல்லும் மெல்ல மெல்லச் சந்தைப் பக்கம் சாய்ந்தது. பிரிட்டனில் 1712இல் பத்திரிகை விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிங் வரி போட்டார்கள், நீளம் பார்க்கவில்லை, வேலை தேடி இரண்டு வரியில் விளம்பரம் போட்டவனுக்கும் பெரிய வியாபாரிக்கும் ஒரே வரி. 1853இல்தான் அந்த வரி எடுபட்டது.

பழைய பொருள் செத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பத்திரிகைகளில் நகைக்கடைத் தள்ளுபடிக்குக் கீழே, இந்தக் காணி தொடர்பாக நீதிமன்றத்தில் வழக்கு உண்டு, வாங்குவோர் கவனிக்கவும் என்று பொடி எழுத்தில் ஒரு பெட்டி வருகிறதே, காசு கட்டிப் போட்ட விளம்பரம்தான், ஆனால் செய்வது அசல் அவெர்த்திஸ்மோன் வேலை. காணி பார்க்கிறவர்கள் தள்ளுபடியை விட்டுவிட்டு முதலில் அந்தப் பெட்டியை வாசியுங்கள். நன்றி, வணக்கம்.