ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு எந்த சைலன்சர்?

[காட்சி: தரையில் கிடக்கும் பழைய சைலன்சரை ஒரு கை தூக்கி உலுக்குகிறது. துருத்தூள் கொட்டுகிறது.]

சலசலவென்று கேட்கிறதா? உள்ளே இருந்த தடுப்புத் தகடுகள்தாம் இப்படி உதிர்ந்து கிடக்கின்றன. வெளியே பெயின்ட் கூடப் போகவில்லை, பாருங்கள்.

என் 1978 பிரீமியர் பத்மினியிலிருந்து கழற்றியது இது. கார் மும்பையின் சயானில் நிற்கிறது. ஞாயிறு காலை மாட்டுங்கா கடைவீதிக்குப் போய் வாழையிலையும் பூவும் வாங்கி வரும். வாரம் முழுவதற்கும் அதன் உழைப்பு அவ்வளவுதான். அந்தச் சொகுசுதான் சைலன்சருக்கு எமன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாக வரும் அந்த நீர், குளிர்ந்த தகட்டில் பட்டதும் துளித்துளியாகத் தங்கிவிடுகிறது. புனே வரை போகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி எல்லாம் காய்ந்துவிடும். மாட்டுங்காவோடு திரும்புகிற வண்டியில் காயாது. அமிலம் கலந்த அந்த ஈரம் அடுத்த ஞாயிறு வரை இரும்பைத் தின்னும். கடற்காற்றும் மழைக்காலமும் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் கடையில் முதலில் சத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். உலோகத்தைப் பற்றிக் கேளுங்கள்.

[காட்சி: மூன்று சைலன்சர்கள், ஒரு சிறிய காந்தம்.]

பெயின்ட் அடித்த சாதா இரும்பு மலிவு, சீக்கிரம் போய்விடும். அலுமினியம் பூசிய எஃகு பரவாயில்லை, ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். எவர்சில்வரில் இரண்டு வகை. 304 சமையலறைப் பாத்திர வகை. காந்தம் அநேகமாக ஒட்டாது. 409 வகையில் ஒட்டும். ஒட்டியதும் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது எக்ஸாஸ்ட்டுக்கென்றே, அதாவது புகைக்குழாய்க்கென்றே பயன்படும் எஃகு. மேலே பழுப்பு படரும், ஆனாலும் உழைக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உள்ளே இருக்கும் தகடும் இதே உலோகமா?" மேலே எவர்சில்வர், உள்ளே சாதா இரும்பு என்றால் பணம் வீண்.

இனி சத்தம். தடுப்பு அறைகள் கொண்டது ஒரு வகை. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்தது இன்னொன்று. பத்மினியின் 1089 சிசி, நாற்பது சொச்சம் குதிரைத்திறன் எஞ்சினுக்கு நேர்க்குழாய் போட்டுப் பெரிதாக எதையும் பெறப்போவதில்லை. நார் நாளடைவில் எரிந்து உதிரும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரே வேகத்தில் ஓட்டும்போது காருக்குள் எழும் ரீங்காரத்தில் பின்சீட்டிலிருக்கும் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். என் ஓட்டு தடுப்பு அறைக்குத்தான்.

பழைய சைலன்சரைத் தூக்கி எறியாதீர்கள். நீளம், குழாயின் விட்டம், வளைவு எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். இந்தக் கார் பிறந்த குர்லாவுக்கே அதை எடுத்துப் போங்கள். அங்கே உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

மாட்டும்போது சைலன்சரைத் தாங்கும் ரப்பர் தொங்கிகளையும் புதிதாக வாங்குங்கள். எஞ்சின் ஆடும், சைலன்சரும் கூடவே ஆட வேண்டும். காரின் உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்தால் வேறெங்காவது விரிசல் விடும். குழாயின் வால் பம்பருக்கு வெளியே நீண்டிருக்கட்டும், இல்லையென்றால் நச்சுப்புகை காருக்குள் திரும்பும்.

[காட்சி: எஞ்சின் ஓடுகிறது. கையுறை அணிந்த கை மடித்த துணியால் குழாயின் வாயை ஒரு நொடி அடைக்கிறது.]

இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்க்க, எஞ்சின் சூடேறும் முன், திறந்த வெளியில் இப்படிச் செய்யுங்கள். 'உஸ்' என்று எங்கே கேட்கிறதோ, அந்த கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று முடுக்க வேண்டும்.