நடக்க வழி விட்டால் கடைவீதி எழுந்து நிற்கும்

அன்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சேலத்தின் பழைய கடைவீதி மறுபடியும் செழிக்க முதலில் வேண்டியது புதிய கட்டடமா, நடக்க நல்ல வழியா? இதுதான் இன்றைய தலைப்பு. நடக்க வழிதான் முதலில் என்று சொல்லும் அணிக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், பழைய கடைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்ட வேண்டும் என்றார். லிஃப்ட் வேண்டும், ஏசி வேண்டும், கீழே இருநூறு கார் நிற்க இடம் வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் ஐந்து ரோட்டுக்கும் சாரதா கல்லூரி சாலைக்கும் போய்விட்ட கூட்டம் பழைய கடைவீதியிலுள்ள சின்னக்கடை வீதிக்குத் திரும்பி வந்துவிடும் என்றார். கூட்டம் போய்விட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அது எதைத் தேடிப் போனது என்பதில்தான் அண்ணனோடு எனக்கு வழக்கு.

நடுவர் அவர்களே, நம் ஊருக்கு ரயில் வந்தது 1860-களில். ஸ்டேஷனை எங்கே வைத்தார்கள்? சூரமங்கலத்தில். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. அதற்காகக் கடைவீதி சூரமங்கலத்துக்குப் பெட்டி கட்டவில்லை. ஏனென்றால் கோட்டை மாரியம்மனுக்கு வருகிறவர்கள், சுகவனேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள், செவ்வாய்பேட்டை மண்டிக்கு மூட்டையோடு வருகிறவர்கள், அம்மாபேட்டையிலிருந்து நெசவுக் கூலி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், அத்தனை பேரும் இந்தத் தெருக்களில்தான் நடந்தார்கள். அவர்கள் நடந்த இடத்தில் கடை இருந்தது. பிறகு வெளியூர் பஸ்கள் மெய்யனூர் பக்கம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போயின. ஆத்தூர்க்காரரும் எடப்பாடிக்காரரும் அங்கே இறங்கினார்கள். அங்கே கடை முளைத்தது. சின்னக்கடை வீதியில் அதே கட்டடம், அதே முதலாளி, அதே சரக்கு. கட்டடத்துக்கு வயதானதாலா வியாபாரம் போனது? ஆள் நடமாட்டம் போனது, பின்னாலேயே வியாபாரமும் போனது.

ஆனாலும் இன்னும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? டவுன் பஸ்ஸில் வருகிற பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து, 96 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து, ஈரடுக்காகக் கட்டி, 2023 ஜூனில் திறந்தார்கள். எதிரணி அதைத் தங்கள் சாட்சியாகக் காட்டினார்கள். "பாருங்கள், கட்டடம் வந்தது, கூட்டம் வந்தது" என்றார்கள். அண்ணே, அந்தக் கட்டடத்துக்குக் கூட்டம் வரக் காரணம் உள்ளே பஸ் வந்து நிற்பது. பஸ் நிற்காமல் அதே கட்டடத்தை வெறும் வளாகமாகக் கட்டியிருந்தால் யார் படியேறுவார்?

அந்த பஸ்ஸில் வந்து இறங்குகிற அம்மாவோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பட்டு எடுக்க வேண்டும், கொலுசு எடுக்க வேண்டும், பாத்திரச் சீர் பார்க்க வேண்டும், வளையல் வாங்க வேண்டும். ரோட்டைக் கடக்கவே முதல் ஐந்து நிமிடம். தாண்டினால் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் டூ வீலர் இரண்டு வரிசை. அதை விட்டால் சாக்கடை மூடி, அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கடுத்து ஒரு ஜவுளிக் கடையின் படி, படியின் மேல் சேலை கட்டிய பொம்மை. அப்புறம் மின்கம்பம். அம்மா ரோட்டில் இறங்குகிறார். பின்னால் ஆட்டோ ஹாரன். கையில் பேரன் இருந்தால் இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-லேயே விதி எழுதி வைத்திருக்கிறது: நடைபாதை என்றால் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். ஆறு அடி! நம் கடைவீதியில் ஆறு அடி தொடர்ச்சியாக எங்கே இருக்கிறது என்று இங்கே அமர்ந்திருக்கும் வியாபாரிகளே சொல்லட்டும்.

இதனால் என்ன நஷ்டம்? இங்கேதான் கணக்கு இருக்கிறது நடுவர் அவர்களே. கடைவீதி பிழைப்பது முதல் கடையால் இல்லை. முதல் கடைக்கு எப்படியும் வந்துவிடுவார்கள். நாலாவது கடையும் ஐந்தாவது கடையும் பிழைத்தால்தான் அது வீதி. பட்டு எடுத்துவிட்டு வரும் வழியில் "இந்த வளையல் அந்தச் சேலைக்குச் சேருமா" என்று நிற்கிறார்களே, அந்த நிற்றல்தான் வளையல் கடைக்காரரின் அடுப்பெரிய வைக்கிறது. வழி மோசமாக இருந்தால் அம்மா பட்டை எடுத்த கையோடு பஸ் ஏறிவிடுவார்.

வெள்ளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். சேலம் கொலுசுக்குப் பேர் சொல்லி வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்து மொத்தமாக எடுக்கிறார்கள். ஆனால் ஒரு ஜோடி விற்கும் விதத்தைப் பாருங்கள். கடைக்காரர் உள்ளங்கையில் போட்டு ஒரு உதறு உதறுவார், முத்து பேசும். பெண் ஸ்டூலில் காலை வைப்பாள். திருகாணியைத் திருகி மாட்டுவார்கள். "நாலு எட்டு நடந்து பாரு கண்ணு" என்பார் அம்மா. சத்தம் போதுமா, கணுக்காலில் நிற்கிறதா, சேலைக் கரை நூலை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு டிசைன் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். இதைச் செல்போனில் படம் பார்த்து வாங்க முடியாது. ஆன்லைனுக்கு நாம் பயப்படத் தேவையில்லாத சரக்கு இது. ஆனால் வெளியே அப்பா, நடுரோட்டில் வண்டிக்குக் காவலாக நிற்கிறார். போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். அப்பா போன் போடுகிறார்: "முடிஞ்சுதா இல்லையா?" எட்டு டிசைன் பார்க்க வேண்டியவர்கள் இரண்டோடு எழுந்துவிடுகிறார்கள். பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்தாரே தொழிலாளி, அவருடைய நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

எதிரணி கேட்டார்கள்: "மாலுக்கு ஏன் போகிறார்கள்? ஏசிக்குத்தானே?" நான் வேறு பதில் சொல்கிறேன். மாலுக்குள் வண்டி வராது. அவ்வளவுதான் ரகசியம். வாசலில் வண்டியை விட்டுவிட்டு, உள்ளே குழந்தையை ஓட விட்டு, நிதானமாக நடக்கிறார்கள். மாடி மாடியாக நடக்கிறார்கள், ஒருவரும் கால் வலி என்று சொல்வதில்லை. நம் தெருவில் காலங்காலமாக இருந்த நடையைத்தான் அவர்கள் சுவர் எழுப்பி உள்ளே வைத்து விற்கிறார்கள். நாம் அதைத் தெருவிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

முடியுமா என்று கேட்பீர்கள். வருடா வருடம் செய்துகொண்டுதான் இருக்கிறோம்! தீபாவளிக்கு முந்தின வாரம் போலீஸார் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். கடைவீதி முழுக்கத் தலையாகத் தெரியும். கடைக்காரர்கள் மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடுவார்கள். வருடத்தில் அதிகமாகக் கல்லா நிரம்பும் நாட்கள் எவை? வண்டி உள்ளே வராத நாட்கள். வண்டி வந்தால்தான் வியாபாரம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து அந்த இருநூறு கார். திறந்தவெளியில் ஒரு கார் நிற்க, வந்து போகும் வழியோடு சேர்த்து, நகரத் திட்டமிடுவோர் 23 சதுர மீட்டர் கணக்கு வைக்கிறார்கள். ஏறத்தாழ 250 சதுர அடி. அதற்குள் ஒரு வளையல் கடையையும் ஒரு பூக்கடையையும் வைத்துவிடலாம். இன்னொன்று, கடை வாசலில் காலையிலிருந்து நிற்கும் வண்டிகள் யாருடையவை என்று மனசாட்சியோடு சொல்லுங்கள். பல வண்டிகள் வாடிக்கையாளருடையவை இல்லை. முதலாளி வண்டி, கணக்குப்பிள்ளை வண்டி, கடைப் பையன்கள் வண்டி. காலை பத்து மணிக்கு நிறுத்தினால் இரவு கடை சாத்தும்போதுதான் எடுக்கிறார்கள். நம் வண்டிகளை நாலு தெரு தள்ளி நிறுத்த நாம் சம்மதித்தால் அதுவே முதல் சீரமைப்பு. அதற்கு டெண்டர் வேண்டாம்.

இடித்துக் கட்டுகிறோம் என்றால் எத்தனை வருடம்? பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தபோது டவுன் பஸ்கள் போஸ் மைதானத்துக்குப் போயின. நடுவில் கொரோனாவும் வந்தது. சுற்றியிருந்த சின்னக் கடைக்காரர்கள் அந்த வருடங்களில் பட்ட பாட்டை நானா சொல்ல வேண்டும்? வாடிக்கை என்பது பழக்கம். இரண்டு வருடம் வேறு இடத்தில் வாங்கிப் பழகியவரைத் திரும்பக் கூப்பிடுவது லேசான காரியமில்லை. கட்டி முடித்த பிறகு என்ன வரும்? ஏலம் வரும். ஏலம் வந்தால் முன்பணம் வரும். முழம் போட்டுப் பூ விற்கிறவர், கூறு கட்டி எலுமிச்சம்பழம் விற்கிறவர் அதில் எப்படிக் கை தூக்குவார்? தெருவுக்கு உயிர் கொடுத்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தெருவுக்கு உயிர் வரவில்லையே என்று கவலைப்படுவது நியாயமா?

நடைபாதையைக் கேட்டால் தெருவோர வியாபாரிகளை விரட்டச் சொல்கிறேன் என்று எதிரணி சொல்லிவிடக்கூடாது. 2014-ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் போட்டது. கணக்கெடுத்து, அடையாளச் சான்று கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் அப்புறப்படுத்தக் கூடாது. இதற்காக அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை இடம் கொடுக்கலாம். 2011 கணக்கில் சேலம் மாநகராட்சியின் மக்கள் தொகை 8.29 லட்சம், அப்படியானால் இருபதாயிரம் பேருக்கு மேல். தட்டுவடை செட் வண்டி எங்கே நிற்கலாம் என்று கோடு போட்டுக் கொடுங்கள், அது அங்கே நிற்கும். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, காரச் சட்னி தடவிக் கொடுக்கும் அந்த வண்டிக்காகவே சாயங்காலம் கடைவீதிக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

பெரிய வளாகத்தை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வுல்வொர்த்ஸ் என்ற கடை ஊருக்கு ஊர் கடைவீதியின் நடுநாயகமாக இருந்தது. நூறு வருடப் பேர். 2009 ஜனவரிக்குள் அதன் 800-க்கும் மேற்பட்ட கிளைகளையும் மூடிவிட்டார்கள். ஒரே பூட்டில் எத்தனையோ ஊர்களின் கடைவீதி நடுவே பெரிய ஓட்டை விழுந்தது. நம் செவ்வாய்பேட்டையில் ஒரு கடை மூடினால் பக்கத்தில் ஒன்பது கடை திறந்திருக்கும். சின்னக் கடைகள் வரிசையாக இருப்பது நமக்குப் பலம். அந்தப் பலத்தை இடித்துவிடாதீர்கள்.

தீ பிடித்தால் வண்டி உள்ளே வர முடியாது, அதனால்தான் இடிக்கச் சொல்கிறோம் என்றார்கள். கவலை உண்மையானது, நானும் பங்கெடுக்கிறேன். பழைய வயரிங்கை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் தீயணைப்பு வண்டியை மறிப்பது எது? நிறுத்தி வைத்த வண்டியும், ரோட்டுக்கு இழுத்த தகரக் கூரையும், பகல் பன்னிரண்டு மணிக்கு சரக்கு இறக்கும் லாரியும்தானே? சரக்கைக் காலை எட்டரைக்குள் இறக்குங்கள். தெரு திறந்துகொள்ளும்.

கழிப்பிடத்தைப் பற்றி எதிரணியில் ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன். நாள் முழுக்கக் கல்யாண ஜவுளி எடுக்க வரும் பெண், தண்ணீர் குடிக்காமல் வருகிறாள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டமே கொண்டு வந்தது. கடைக்குள் உட்கார உரிமை கிடைத்துவிட்டது. தெருவில் உட்கார ஒரு திண்ணை, ஒரு மரம், சுத்தமான ஒரு கழிப்பிடம், குடிக்கத் தண்ணீர். ஒரு மாடி கட்டும் செலவில் வீதி முழுக்க இதைச் செய்யலாம்.

சென்னை பாண்டி பஜாரில் கடைகளை இடிக்காமல் நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் சில நாட்கள் வண்டியைத் தடுத்துச் சோதனை பார்த்தார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962-ல் பெரிய கடைத்தெருவில் வண்டிகளைத் தடுத்தபோதும் சோதனை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள். அந்தத் தெரு இன்றைக்கும் நடப்பவர்களுக்கே இருக்கிறது.

நடுவர் அவர்களே, நானும் சோதனையைத்தான் கேட்கிறேன். தீபாவளிக்கு வைக்கும் தடுப்பை அடுத்த நாளே தூக்கிவிட வேண்டாம். சின்னக்கடை வீதி ஒன்றில் மட்டும், சனி ஞாயிறு மாலை நாலு மணி முதல் ஒன்பது மணி வரை, தை முடியும் வரை வைத்திருக்கட்டும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேட்டரி வண்டி ஓடட்டும். ஒவ்வொரு கடையும் அந்த நாட்களின் பில் எண்ணிக்கையையும், போன வருடம் அதே நாட்களின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கட்டும். தை முடிந்ததும் வியாபாரிகள் சங்கமும் மாநகராட்சியும் பில் புத்தகங்களோடு ஒரே மேசையில் உட்காரட்டும். அதற்குப் பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசுவோம். அதுவரை ஒரு செங்கல்லும் இடிக்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.