தேதி போட்டு எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தாய்மார்களின் மனவேதனைக்கு எழுத்து ஒரு வடிகால் என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மறுக்க ஒன்றுமில்லை. மனசு கனக்கும்போது நாலு வரி எழுதினால் லேசாகும், உண்மைதான். ஆனால் லேசாவதற்கு மட்டும் என்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாலே போதும். தில்லியில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். எழுத்து அதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது. நமக்கு நேர்ந்ததில் எது விதி, எது மனிதர்கள் செய்தது என்று பிரித்துக் காட்டிவிடுகிறது. நான் பேச வந்தது அதைத்தான்.

நற்றிணையின் 184-ஆம் பாட்டில் ஒரு தாய் வருகிறாள். அவளுக்கு ஒரே மகள். அந்த மகள் நேற்றுத்தான் காதலனோடு மலைவழியே போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் வந்து, துயரத்தைத் தாங்கிக்கொள் என்கிறார்கள். அறிவுள்ளவர்களே, அது எப்படி முடியும் என்று திருப்பிக் கேட்கிறாள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. நெஞ்சு வேகிறது என்று சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. மகள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் காட்டுகிறாள். இந்தப் பாட்டை எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நொச்சியும் திண்ணையும் கிடைத்துவிட்டன.

ஊர்ப்பக்கம் ஒப்பாரி இருந்தது. இழவு வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் மாமியார் வீட்டில் பட்டதையும், அண்ணன் தம்பிகள் செய்யாமல் விட்ட சீரையும், பிள்ளையில்லை என்று வாங்கிய பேச்சையும் ராகம் போட்டுச் சொல்லலாம். சம்பந்தப்பட்டவர்கள் எதிரிலேயே இருப்பார்கள், வாயைத் திறக்க முடியாது. தாலாட்டிலும் அப்படித்தான். குழந்தையை யார் அடித்தார்கள் என்று கேட்கிற சாக்கில் அத்தை, மாமன் எல்லோர் கணக்கும் வெளியே வரும். இங்கே தில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடியில் ஒப்பாரி வைத்துப் பாருங்கள், கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். நமக்கு நோட்டுத்தான் மிச்சம்.

என் நோட்டு எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் மகன் 1990-களின் தொடக்கத்தில் பிறந்தவன். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டிசம் என்ற பெயர் எங்கள் காதில் விழுந்தது வெகு தாமதமாகத்தான். அதற்கு முன்னால் விழுந்ததெல்லாம் காரணங்கள். அம்மா வேலைக்குப் போனதால். கிரகணத்தன்று வெளியே வந்ததால். டிவி முன்னால் உட்கார வைத்ததால். ஒரு டாக்டர் சொன்னார், வீட்டில் தமிழ், வெளியே இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பிவிட்டான், தமிழை நிறுத்துங்கள் என்று. நிறுத்தினோம். என் அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தாள். இந்தியில் அவளுக்கு ‘பானி’, ‘சலோ’ இரண்டும்தான் தெரியும். பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு பின்தங்கிப் போவதில்லை என்று பின்னால் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. என் அம்மாவுக்கு அது எட்டவில்லை, அதற்குள் போய்விட்டாள்.

பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்று இருந்தது. டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அதில் குறிக்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்குத் தூங்கினான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான், குக்கர் விசிலா, தெருவில் போகிற பேண்டு வாத்தியமா. ஒரு மத்தியானம் தட்டிலிருந்த வெண்டைக்காயைத் தள்ளிவிட்டு ‘வேணாம்’ என்றான். முதல் சொல் அது, சுத்தத் தமிழில். தேதி, நேரம் போட்டு எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தியில் மட்டும் பேசுங்கள் என்று அதற்கப்புறம் சொல்லவும் இல்லை.

நோட்டின் பின்பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு. போன தேதி, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள். திரும்பி வரும்போதெல்லாம் பஸ்ஸில் ஒரே நினைப்பு, என் பிள்ளை யாரும் சேர்த்துக்கொள்ளும்படி இல்லையே என்று. ஒருநாள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். பாதி இடங்களில் அவனைப் பார்க்கவே இல்லை. வாசலில் நான் விஷயத்தைச் சொன்னதுமே சீட் இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். பார்க்காமலே வேண்டாம் என்றால் அதில் அவனுடைய குறை எங்கே வந்தது? அன்றைக்கு அழுகை நின்று கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

சட்டமும் அப்போது துணைக்கு இல்லை. 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, ஆட்டிசம் அதில் கிடையாது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ல் வந்த புதிய சட்டத்தில் பட்டியல் 21 ஆனபோது ஆட்டிசமும் உள்ளே வந்தது. அதற்குள் என் மகன் பள்ளி வயதைத் தாண்டிவிட்டான்.

அம்மாவைக் குற்றம் சொல்வது நம் ஊர்க்காரர்கள் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் லியோ கன்னர் 1943-ல் ஆட்டிசத்தை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன முதல் பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது, அந்தப் பையனின் தகப்பனார் எழுதி அனுப்பிய 33 பக்கக் கடிதத்தின் மூலம். அப்பா எழுதியது ஆவணமாயிற்று. அம்மாக்களுக்குக் கிடைத்தது ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்கிற பட்டம். பாசமில்லாமல் உறைந்துபோன தாய்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே பேசினார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதைத் தடிமனான புத்தகமாகவே போட்டார். அதே 1967-ல் கிளாரா கிளைபோர்ன் பார்க் என்கிற தாயும் தன் மகளை வளர்த்ததைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். மகள் என்ன செய்தாள், தான் என்ன செய்தேன், அடுத்து என்ன நடந்தது என்று பொறுமையாக எழுதிக்கொண்டே போகிறார். அதைப் படிக்கிறவர்கள், பாசமில்லாதவள் இந்த அம்மாவா என்று கேட்காமல் இருக்க முடியாது. 1969-ல் பெற்றோர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் கன்னரே அவர்கள்மேல் குற்றமில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. நம் தில்லியிலும் ஆட்டிசம் உள்ள மகனின் தாய் ஒருவர்தான், மெர்ரி பரூவா, 1990-களில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பை வளர்த்தெடுத்தார்.

சரி, அரசாங்கக் காகிதத்தில் அம்மா யார்? மகன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கப் போனேன். பணம் என் சம்பளம். அப்பா கையெழுத்து வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்தவர். வீட்டுக்காரருக்கு அப்போது வெளியூரில் வேலை. 1956-ம் வருடத்துச் சட்டப்படி இந்துக் குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பிறகுதான் தாய். அவர் காலமான பிறகு என்றே எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். தில்லிவாசியான எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோதும் தந்தையின் கையெழுத்தைத்தான் கேட்டார்கள். அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. தந்தை உயிரோடு இருந்தாலும், ஊரில் இல்லை, அல்லது பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றால் தாயே பாதுகாவலர் ஆகலாம் என்றார்கள். சட்டத்தின் வரியை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் விரித்தார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, அது வேறு பேச்சு. ஆனாலும் அந்த எழுத்தாளர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்வேன். நாவல்களைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது அவர் போட்ட மனுதான்.

மகனுக்குப் பதினெட்டு ஆனதும் கதை மறுபடி ஆரம்பித்தது. இந்தமுறை தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு குழுவிடம் விண்ணப்பித்து நான் அவனுடைய சட்டபூர்வப் பாதுகாவலர் ஆக வேண்டும். நோட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். யாரும் திறந்து பார்க்கவில்லை, ஆனாலும் கையில் இருந்தது தைரியமாக இருந்தது.

இப்போது நாங்கள் சில பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடி எழுதுகிறோம். நிபந்தனை ஒன்றுதான், முதல் வரியில் தேதி. ‘என் நெஞ்சம் ரணமானது’ என்று யாராவது ஆரம்பித்தால், எந்த ஆபீசில், எத்தனை மணிக்கு என்று கேட்போம். வேடிக்கையாகத்தான் கேட்கிறோம், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்கிற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீல் என்பவரும் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளைக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் அதிகம் ஓடாமல் இருந்தவர்கள், நடந்ததையும் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள்தான்.

எங்களோடு எழுதுகிறவர்களில் ஒரு பெண் ஜங்புரா மதராஸி கேம்ப்பில் இருந்தவள். பாராபுல்லா நாலா என்கிற பெரிய கழிவுநீர்க் கால்வாயின் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ்க் குடியிருப்பு அது. நாலா அடைத்துக்கொள்கிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 வீடுகளில் 189-க்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நரேலாவில், தில்லியின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. தகுதி என்றால் பழைய காகிதம் கையில் இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டைப் பத்திரமாக வைத்திருந்த பெண்கள் பிழைத்தார்கள்.

இவளுக்கு வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்துக்குப் பக்கத்தில், நிஜாமுதீனில், மூன்று வீடுகளில். மகள் படிப்பது தமிழ்ப் பள்ளியில். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலா பக்கம் கிடையாது. அஞ்சாவது வரை படித்தவள், முதல் நாள் ஒரே வரி எழுதினாள்: ‘என் தலையெழுத்து, பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சு.’ சரி, அப்புறம்? நேற்று எத்தனை மணிக்கு எழுந்தாய், அதை எழுது என்றோம். அடுத்த வாரம் முழுப் பக்கம் கொண்டுவந்தாள். நாலு மணிக்கு எழுந்தது. ஸ்டாப்பில் பெண்களாக நிற்பதைப் பார்த்து, இலவசப் பிங்க் டிக்கெட் கூட்டம் என்று நிறுத்தாமல் போன பஸ். அடுத்த பஸ்ஸில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியது. பள்ளி கேட் மூடியிருந்தது. தினம் லேட்டு என்று ஒரு வீட்டில் நிறுத்திவிட்டது. மகள் கணக்கில் ஃபெயில் என்பது கடைசி வரி. உரக்கப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். “இது தலையெழுத்து இல்லக்கா, பஸ்ஸு” என்றாள்.

அந்தப் பக்கம்தான் மனுவாயிற்று. அதே வரிசை, அதே நேரங்கள், இந்தியில். நரேலாவிலிருந்து பள்ளி நேரத்துக்கு ஒரு நேர் பஸ் வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். புலம்பலை எடுத்துவிடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மகள் நின்றபடி தூங்கிய வரியை மட்டும் அவள் எடுக்க விடவில்லை. பதில் வராததால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம், 30 நாளில் சொல்லியாக வேண்டும். ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. மேல்முறையீடு எழுதியாகிவிட்டது.

எங்களுக்குள் தீராத ஒரு சண்டையும் உண்டு. நம் வேதனையை எழுதும்போது பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். என் மகன் இப்போது பேசுவான், ஆனால் இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டால் என்ன கேட்கிறேன் என்பது அவனுக்குப் புரிகிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால் அவன் உடம்பு, குளியலறை, ஆத்திரத்தில் அவன் செய்தவை எல்லாம் நோட்டோடு நிற்கின்றன. வெளியே படிக்கிற எதிலும் வராது. பிள்ளை அழுகிற படத்தைப் போட்டு லைக் வாங்குகிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. கூட்டத்தில் ஒருத்தி என்னோடு சண்டை போடுகிறாள். இத்தனை காலம் மறைத்து மறைத்துத்தானே யாருக்கும் எதுவும் தெரியாமல் போச்சு, எனக்கு ஒரு அம்மாவாவது முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் தேவலையே என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கு வேறொரு பயம் இருக்கும், வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால் என்று. எங்களில் சிலருடைய நோட்டுகள் என் அலமாரியில்தான் இருக்கின்றன. நம்பிக்கையான சிநேகிதி வீடு நல்லது. அரிசி டப்பா வேண்டாம், பூச்சி அரித்துவிடும். பால்பாயிண்ட் பேனாவிலேயே எழுதுங்கள், ஜெல் பேனா மை தண்ணீர் பட்டால் கலையக்கூடும். மனு கொடுக்கப் போனால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை போடமாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.