சந்தையா, விழாவா, கண்காட்சியா?

சபையோருக்கு வணக்கம்.

பகலில் கூடும் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவில் கூடுவதற்கு அல்லங்காடி. மதுரைக்காஞ்சிக் காலத்திலேயே இப்படிப் பெயர் பிரித்து வைத்தவர்கள் நாம். ஆனால் பெயர்ப் பலகையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஓர் இடம் சந்தையா, விழாவா என்று அறிய, அங்கே விலை எப்படிப் பேசப்படுகிறது என்று காது கொடுத்துக் கேட்பேன்.

சிங்களத்தில் ‘பொல’ என்கிற வாரச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தராசில் நிறுத்த தக்காளியை மாலையில் சாக்கின் மேல் கூறு போட்டு விற்பார்கள். மேகம் கறுத்தால் கூறு பெருக்கும், விலை இறங்கும். சிங்களத்தில் நூறு வரை எண்ண நான் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தக் கூச்சலில்தான்.

கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழா வேறு மாதிரி. செட்டியார் தெருவிலிருந்து வேல் ஏறிய தேர் பம்பலப்பிட்டிக்கு வரும். புறக்கோட்டையில் ஐந்து சதத்துக்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டும் என் அம்மா, அன்று மட்டும் கேட்ட காசைக் கொடுத்துவிடுவார். “சாமி பார்க்க வந்த இடத்தில் என்ன பேரம்?” கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சிவப்பு நூலாகக் கிடந்த பொம்பாய் முட்டாய் அந்தத் தத்துவத்தால்தான் எனக்குக் கிடைத்தது. வாயில் வைத்ததும் காணாமற்போகும். விரலில் ஒட்டியது வீடு வரை வரும்.

கார்னிவலில் டிக்கெட் விலை எழுதியே இருக்கும். ஆனாலும் மரணக் கிணற்றின் விளிம்பில் நாம் நீட்டுகிற நோட்டை, மோட்டார் சைக்கிள்காரர் சுற்றிவரும் வேகத்திலேயே பறித்துக்கொண்டு போவார். அதற்கு என்ன விலை?

செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் விலைக்கழிவு எவ்வளவு என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். பேச்சுக்கே இடமில்லை. எனக்கு அது கொஞ்சம் குறைதான்.

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் ஓவியக் கூடலுக்கோ ‘கலா பொல’ என்றே பெயர். வீதியோரம் படங்களைச் சாத்திவிட்டு, ஓவியரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பொல என்ற பெயரை நம்பி, ஒரு படத்தின் விலை கேட்டதும் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது: “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், தம்பி.”

அவர் திரும்பித் தன் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு, முதலில் சொன்னதைவிட ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னார்.