தேத்தண்ணி கொதிக்கிற நேரம்

(போன ஞாயித்துக்கிழம எங்க தேயில தோட்டத்து கோயில் மண்டபத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன், நடுவுல கரண்ட் போனதயும் ஒரு அக்கா எந்திரிச்சி கேட்ட கேள்வியயும் விடல்ல.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க, அக்காமாரு, தங்கச்சிமாரு, பின்னாடி வாங்குல சாஞ்சிக்கிட்டு போன நோண்டிக்கிட்டு இருக்கிற தம்பிமாரு, எல்லாருக்கும்தான். தகரத்துல மழ அடிக்கிற சத்தத்துக்கு நா பேசுறது கேக்குதா? கேக்காதவங்க கைய தூக்குங்கன்னு சொல்லலாம், ஆனா அவங்களுக்கு அதுவும் கேக்காதே.

யோகா பத்தி பேசுங்க டீச்சர்னு கமிட்டியில வந்து கேட்டப்போ மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன். நா யோகா டீச்சர் கெடையாது, கணக்கு டீச்சர். குனிஞ்சா என்னோட கை தரையில படாது, இன்னைக்கும் படாது. ஆனா யோசிச்சி பாத்தா யோகாவுல ஒரு விசயத்துல எனக்கு நல்ல சர்வீஸ் இருக்கு, அத விடுறதுல. நாலு தடவ ஆரம்பிச்சி நாலு தடவையும் விட்டவ நா. அஞ்சாவது தடவ புடிச்சது எட்டு வருசமா ஓடுது. அதனால எப்பிடி விட்டேங்கிறத மொதல்ல சொல்றேன், ஒங்க கதையும் அதுக்குள்ள எங்கயாவது கெடக்கும்.

மொத தடவ கொழும்புக்கு ஒரு ட்ரெய்னிங் போன நேரம். பெரிய கண்ணாடி வச்ச ஹோல், ஊதுபத்தி வாசம், எல்லாருக்கும் ரோஸ் கலர்ல மேட். ரெண்டு கிழம போனேன், வரும்போது எனக்கும் ஒரு மேட் வாங்கிக்கிட்டு பஸ்ல அத குழந்த மாதிரி மடியில வச்சிக்கிட்டு ஹட்டன் வரைக்கும் வந்தேன். வந்து மூணாவது மாசம் அந்த மேட்ல மொளகா காய வச்சோம்.

ரெண்டாவது தடவ 2015. அதுக்கு முந்தின வருசம் டிசம்பர்ல ஐநா சபை ஜூன் 21 யோகா தினம்னு அறிவிச்சி, 2015லதான் மொத தடவ உலகம் பூரா கொண்டாடினாங்க, டிவியில ரோட்டு நெறைய சனம் உக்காந்து செஞ்சத பாத்துட்டு எனக்கும் ரோசம் வந்து அடுத்த நாளே ஒரு மணித்தியாலம் போட்டு தாக்கினேன். மூணாம் நாள் கழுத்து திரும்பல்ல. போர்ட்ல எழுதிட்டு பிள்ளைங்கள பாக்கணும்னா முழு ஆளும் திரும்பணும், ரோபோ டீச்சர்னு பேர் வச்சிட்டாங்க.

மூணாவது தடவ போன்ல வீடியோ பாத்து. அந்த பிள்ளைக்கு எலும்பே இல்ல போல, அத பாத்து பாத்து எனக்கு ஒடம்பு மேல கோபம் வந்ததுதான் மிச்சம். நாலாவது தடவ காலையில நாலர மணிக்கு அலாரம் வச்சி, தை மாசத்து பனியில, பல்லு அடிக்க அடிக்க பதினோரு நாள் செஞ்சேன். பன்னண்டாவது நாள் எங்க மாமனார் தவறிட்டாரு. சாவு வீடு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் காரியம், சொந்தக்காரங்க. எல்லாம் முடிஞ்சி பாத்தா ரெண்டு மாசம் போயிருச்சி, திரும்ப போய் நிக்க வெக்கமா இருந்திச்சி. யாருகிட்ட வெக்கம்னு கேட்டா தெரியாது, வீட்டுல யாரும் கேக்கவும் இல்ல.

இந்த வெக்கம் பழசு. யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு வர்ற தடைங்கன்னு ஒம்பது சொல்லியிருக்காரு, மொதலாவது வியாதி, அஞ்சாவது சோம்பல், கடைசி ஒம்பதாவது என்ன தெரியுமா, எட்டின எடத்துல நிக்க முடியாம நழுவுறது. அத படிச்சப்போ எனக்கு பெரிய ஆறுதல், எத்தனையோ நூறு வருசத்துக்கு முன்னயே இந்த ஆளு என்னைய பாத்துட்டாரு. அதே மனுசன் ஆசனத்த பத்தி எழுதினது மொத்தம் மூணே மூணு சூத்திரம், ஆடாமயும் சுகமாவும் இருக்கணும்னுதான் அதுல மொத வரி. கால தலைக்கு பின்னாடி போடுங்கன்னு அவரு எங்கயும் சொல்லல்ல.

(இந்த எடத்துல கரண்ட் போயிருச்சி. மைக் இல்லாம கத்திதான் பேசினேன், அதுக்கப்பறம்தான் பின்னாடி இருந்தவங்களும் முன்னுக்கு வந்து உக்காந்தாங்க.)

சரி, அஞ்சாவது தடவ எங்க இருந்து வந்திச்சின்னு சொல்றேன். எங்கம்மா முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. ரப்பர் கூடை, சாக்கெல்லாம் வர்றதுக்கு முந்தி பெரம்பு கூடை, கயித்த தலையில மாட்டி முதுகுல தொங்கப்போட்ட காலம். சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்கு வந்தா, அடுப்ப பத்த வச்சி கேத்தல வச்சிட்டு, தரையில சாக்க போட்டு படுத்து ரெண்டு காலயும் சுவத்துல தூக்கி வச்சிக்குவாங்க. தண்ணி கொதிக்கிற வரைக்கும்தான். ஈர வெறகுன்னா கொஞ்சம் கூட நேரம். சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல அவங்க குதிகால் பட்ட எடம் மட்டும் கறுப்பா ரெண்டு வட்டமா இருக்கும், தீவாளிக்கு தீவாளி அப்பா வெள்ள அடிக்கும்போது திட்டிக்கிட்டே அடிப்பாரு, பொங்கலுக்குள்ள அந்த கறுப்பு திரும்ப வந்துரும்.

நா பெரிய படிப்பு படிச்சவ, விபரீத கரணின்னு புத்தகத்துல பேரோட அத பாத்துட்டு பழைய வீட்டு சுவரு ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். நாள் பூரா நின்னா ரத்தம் கால்ல தேங்கும், கெண்டக்கால் சத நல்லா சுருங்கி விரிஞ்சாதான் அது மேல ஏறும், நின்ன எடத்துலயே நிக்கிறவங்களுக்கு அதுவும் சரியா நடக்காது, அதனாலதான் வீக்கமும் நரம்பு சுருட்டலும். கால தூக்கி வச்சா ரத்தம் தானா எறங்கி வந்துரும். அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்குடுக்கல்ல, கால் கடுத்திச்சி, தூக்கி வச்சாங்க. எனக்கு அதுல பெரிய விசயமா பட்டது அந்த கேத்தல். அவங்க நேரம் ஒதுக்கவே இல்ல. தண்ணி கொதிக்கிறது எப்பிடியும் கொதிக்கும், அதோட இத கட்டி போட்டுட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே ஸ்கூல் விட்டு வந்து கேத்தல வச்சிட்டு நானும் படுத்தேன். அது மட்டும்தான் மொத மூணு மாசம். வேற ஒன்னும் செய்யல்ல.

(இங்கதான் ஒரு அக்கா எந்திரிச்சி கேட்டாங்க: "நீங்க படிச்சவங்க டீச்சர், ஒக்காந்து வேல. நாங்க விடிஞ்சா பொழுதானா மலைக்கு ஏறி எறங்குறோம், எங்களுக்கு எதுக்கு இந்த எக்சசைஸ்?" கை தட்டலும் கெடச்சிச்சி அவங்களுக்கு.)

நல்ல கேள்விக்கா. கை தட்டினவங்க எல்லாரும் கொஞ்சம் ஒங்க தோள்பட்டைய தொட்டு பாருங்க. கல்லு மாதிரி இருக்கா? வேல செய்யிறப்போ ஒடம்பு ஒரு பக்கத்துக்குத்தான் போகுது. கழுத்து முன்னுக்கு, தோள் முன்னுக்கு, வெரல் எப்பவும் மடங்கி, சரிவுல நிக்கிறதால ஒரு கால் மேட்டுல ஒரு கால் பள்ளத்துல. பதினெட்டு கிலோ, இருவது கிலோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள எத்தன ஆயிரம் தடவ அதே அசைவு? ஒரு தடவ கூட ஆகாயத்த பாத்து கைய பின்னுக்கு விரிக்கிற வேல தோட்டத்துல இல்ல. ஆட்டோ ஓட்டுற தம்பிக்கும் அப்பிடித்தான், கொழும்புல கடையில நிக்கிற பிள்ளைக்கும் அப்பிடித்தான். வேல எந்த பக்கம் வளைக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி விடணும், அவ்வளவுதான் நா கேக்குறது. மேல மேல பாரம் ஏத்த சொல்லல்லக்கா, எறக்கி வைக்கத்தான் சொல்றேன்.

இதுவும் நம்ம சனத்துக்கு வெளியில இருந்து வந்த சங்கதி கெடையாது. ரிஷிகேசத்துல ஆசிரமம் வச்ச சிவானந்தர் திருநெல்வேலி பக்கம் பத்தமடையில பொறந்தவரு, சாமியார் ஆகுறதுக்கு முந்தி பத்து வருசம் மலாயாவுல ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில டாக்குடரா இருந்தாரு. அவருகிட்ட மருந்துக்கு வந்தது நம்மள மாதிரியே கப்பல் ஏறி போன தோட்டத்து சனம்தான். அவரோட சீடர் சச்சிதானந்தர் 1953ல இலங்கைக்கு வந்து திருகோணமலையிலயும் பிறகு கண்டியிலயும் இருந்து சொல்லிக்குடுத்தாரு, 1966ல அமெரிக்காவுக்கு போயி 1969ல வூட்ஸ்டாக்னு லட்சக்கணக்கான வெள்ளக்கார பொடியன்மாரு கூடின பாட்டு கச்சேரிய பேசி தொறந்து வச்சதும் அவருதான். கண்டியில இருந்து போன ஆளு! நம்மதான் இத டிவியில பாத்து தெரிஞ்சிக்கிறோம்.

இப்ப செய்யிற விசயத்துக்கு வருவோம், இதுலதான் கவனமா கேளுங்க.

காலையில எந்திரிச்ச ஒடனே குனிஞ்சி கால் வெரல தொடாதீங்க. ராத்திரி படுக்கும்போது முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் எல்லாம் தண்ணிய இழுத்து உப்பிக்கும், காலையில நாம ராத்திரிய விட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உசரம், பிள்ளைங்கள சுவத்துல நிக்க வச்சி அளந்து பாருங்க. அந்த நேரம் திடீர்னு குனிஞ்சா டிஸ்க்குக்கு அழுத்தம் கூட. பீலிக்கு போயி தண்ணி எடுத்து, மொகம் கழுவி, ரொட்டி தட்டி, ஒரு மணித்தியாலம் நடமாடினப்பறம் குனியலாம். காலையில எனக்கு ரெண்டே அசைவு: கைய கோத்து தலைக்கு மேல தூக்கி நிக்கிறது, அப்பறம் கதவு நெலயில ரெண்டு கையயும் வச்சி நெஞ்ச முன்னுக்கு தள்ளுறது. பத்து மூச்சு. பிரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு, போறதுக்கு முந்தி இஸ்தோப்பு திண்ணையிலயே செய்யலாம்.

சாயங்காலம் கால் சுவத்துல. அஞ்சாறு மாசம் போனா குப்புற படுத்து நெஞ்ச மட்டும் தூக்குற புஜங்காசனம், பாம்பு மாதிரி, தொப்புள் தரைய விட்டு எழும்ப வேணாம். வயித்துல சாப்பாடு இருக்கும்போது வேணாம், சோறு சாப்புட்டா மூணு மணித்தியாலம் விடுங்க, பால் இல்லாத பிளேன்டிக்கு பரவால்ல.

படுக்கும்போது மூச்சு. மணிக்கட்டுல நாடிய புடிச்சிக்கிட்டு மெதுவா மூச்சு விட்டு பாருங்க, உள்ள இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், வெளிய விடும்போது கொறையும். அதனால இழுக்கிறத விட விடுறத நீளமா வச்சிக்குங்க, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்க. பக்கத்து லயத்து வரிச வீடுங்கள்ல இருந்து அந்தோணி கோயிலுக்கு போறவங்களும் டவுன் பள்ளிவாசலுக்கு போறவங்களும் இத செய்யலாம், மூச்சுக்கு மதம் இல்ல.

தலகீழா நிக்கிற சிரசாசனம் மட்டும் யாரும் ட்ரை பண்ண வேணாம், கெஞ்சி கேக்குறேன். வருசக்கணக்கா கூடை கயிறு தாங்கின கழுத்து அது, அதுல முழு ஒடம்ப ஏத்தாதீங்க. பிரஷர் உள்ளவங்க மூச்ச அடக்கி புடிக்க வேணாம், கால தூக்கி வைக்கிறதயும் கிளினிக்ல கேட்டுட்டு செய்யுங்க, கண்ணுல பிரஷர்னு மருந்து போடுறவங்களும் அப்பிடியே. வயித்துல பிள்ள இருக்கிறவங்க மிட்வைஃப் மிஸ்கிட்ட கேக்காம ஒன்னும் வேணாம். கால் மரத்து போறது, வலி இடுப்புல இருந்து காலுக்கு எறங்குறது இருந்தா மொதல்ல டாக்குடர், பிறகுதான் நா.

மேட் வேணாம், எனக்கு மொளகா கதை போதும். சிமெந்து தரை ஜில்லுன்னு இருக்கும், பழைய கம்பளிய ரெண்டா மடிச்சி போடுங்க, ஆனா நின்னு செய்யிறதுக்கு வெறுந்தரைதான் நல்லது, சாக்கு வழுக்கும், நா ஒரு தடவ வழுக்கி மாவு வாளியில போய் விழுந்தேன். எடம் இல்லன்னு சொல்லுவீங்க. ஒரு ஆளு படுக்கிறதுக்கு ஆறடிக்கு ரெண்டடி போதும். அந்த ஆறடி ரெண்டடிக்குள்ள மாமியாரு, ரெண்டு பிள்ள, ஒரு பூன, டிவி எல்லாம் வரும், அது எனக்கு தெரியும். லயத்துல இந்த பக்கம் இருமினா அந்த பக்கம் கேக்கும், பொம்பள கால தூக்கி படுத்திருந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்கன்னு ஒரு கூச்சம். கதவ சாத்திக்குங்க, சோட்டிக்கு உள்ள ஒரு பேண்ட் போட்டுக்குங்க. எங்க வீட்டுல மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் சின்னவ பக்கத்துல வந்து படுத்தா, இப்ப சுவத்துல எடம் புடிக்கிறதுல சண்ட.

நடுவுல விட்டு போகும். சாவு வரும், கல்யாணம் வரும், திருவிழா வரும், சீசன்ல கொழுந்து கூடி ஆளு அடிச்சி போட்ட மாதிரி வந்து விழுற நாளும் வரும். நானும் இந்த எட்டு வருசத்துல எத்தனையோ தடவ விட்டிருக்கேன், கொரோனா வந்து படுத்தப்போ ஒரு மாசத்துக்கு மேல. திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட நாள எண்ண மாட்டேன், நா கணக்கு டீச்சரா இருந்தும் அத மட்டும் எண்ண மாட்டேன். விட்ட எடத்துல இருந்தும் தொடங்க மாட்டேன். கேத்தல வைப்பேன், கால தூக்கி வைப்பேன். மத்ததெல்லாம் ஒரு கிழம கழிச்சி தானா வரும்.

பேசினது போதும். மழ விடல்ல, கரண்டும் வரல்ல, பின்னாடி சமையல் கட்டுல எல்லாருக்கும் தேத்தண்ணிக்கு அண்டாவ ஏத்தியாச்சாம், நூறு பேருக்கு தண்ணி கொதிக்க நேரம் இருக்கு. ஆம்பளைங்க அந்த பக்கத்து சுவரு, பொம்பளைங்க இந்த பக்கத்து சுவரு. செருப்ப கழட்டுங்க. முழங்கால் நோவுறவங்க கதிரையிலயே உக்காந்து எதிர் கதிரையில கால நீட்டிக்குங்க. தம்பி, அந்த போன வச்சிட்டு நீங்களும் வாங்க. சுவத்துல கறுப்பு பட்டா கமிட்டி தலைவர் திட்டுவாரு, திட்டட்டும்.